மலையேறிய யந்திரங்கள்

கொழும்புத் துறைமுகத்துக்கும் புளத்கொகுபிட்டியவுக்கும் இடையேயுள்ள தூரம் நூறு கிலோமீற்றரை எட்டாது. காலையில் புறப்படும் ஒருவர் அவிசாவளையில் தேநீர் அருந்தி, கரவனெல்லையில் கேகாலை வீதிக்குத் திரும்பி, நண்பகலுக்கு முன்னரே அவ்வூர்க் கடைத்தெருவில் இறங்கிவிடலாம். ஆனால் பயணத்தைத் தூரத்தால் அளப்பது மனிதருக்கும் மூட்டை முடிச்சுகளுக்குமே பொருந்தும். ஐந்து தொன் நிறையுள்ள வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றுக்கு அந்த அளவுகோல் உதவாது. அதற்குரிய அளவுகோல் வழியிலுள்ள மிக நலிந்த பாலமும், மிகக் குறுகிய வளைவும், கடைசியாக ஏறவேண்டிய மிகச் செங்குத்தான ஏற்றமுமே ஆகும். சப்பிரகமுவ மலைத்தோட்டங்களுக்குத் தொழிற்சாலை யந்திரங்கள் வந்து சேர்ந்த வரலாற்றை இந்த அளவுகோலைக் கையிற்கொண்டே நோக்குதல் வேண்டும்.

யந்திரத்தை மலைக்கு ஏற்றுவானேன், விளைபொருளைக் கீழே இறக்கிக் கொழும்பிலேயே பதப்படுத்தினால் என்ன என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. விடை கொழுந்தின் இயல்பில் இருக்கிறது. பறித்த கொழுந்து கூடையில் இருக்கும்போதே வாடவும் சூடேறவும் தொடங்கிவிடுகிறது. அன்றைய கொழுந்து அன்றே வாட்டுந் தட்டுக்குப் போகவேண்டும். மேலும் ஒரு கிலோ தேயிலை ஆக்குவதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாலரைப் பங்கு பாரத்தை நாள்தோறும் கீழே இறக்குவதைவிட, யந்திரத்தை ஒரேயொரு முறை மேலே ஏற்றிவிடுவது மேலல்லவா? இறப்பர்ப் பாலும் அத்தன்மையதே. மரத்திலிருந்து எடுத்த சில மணி நேரத்துள் அது தானாகத் திரைந்துவிடும். கேகாலை மாவட்டத்தின் உயர்ந்த சரிவுகளில் தேயிலையும், தாழ்ந்த குன்றுகளில் இறப்பரும் பயிராகின்றமையால், இரண்டுக்கும் உரிய தொழிற்சாலைகள் தோட்டங்களின் நடுவிலேயே எழ நேர்ந்தது. தோட்டத்து மக்கள் அவற்றை ‘ஸ்டோர்’ என்று அழைத்தனர். இன்றும் அவ்வாறே அழைக்கின்றனர்.

தொடக்கத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டபோது, கொழுந்தை மேசைமீது இட்டுக் கையாலேயே உருட்டினர். கரி அடுப்பின்மீது உலர்த்தினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையைச் சில ஆண்டுகளில் அழித்துவிட, தேயிலை மலையெங்கும் பரவிற்று. கை உருட்டுக்கு அடங்காத அளவில் கொழுந்து வந்து குவிந்தது. அசாமில் தோட்டத் தொழிலை அறிந்த வில்லியம் ஜாக்சன் என்னும் ஸ்கொத்லாந்தர் ஆக்கிய உருட்டுப்பொறிகள் இங்கிலாந்தின் கேன்ஸ்பரோ நகரத்து மார்ஷல் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டன. கச்சார்ப் பகுதியில் தோட்டக்காரராக இருந்த சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்ற் நகரில் தொழிற்சாலை நிறுவி, ‘சிறொக்கோ’ என்னும் உலர்த்தும் பொறிகளைச் செய்யலானார். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கை மூடியபோது, இறப்பரை மசித்துத் தகடாக்கும் கனத்த இரட்டை உருளைகளும் தேவைப்பட்டன. இவையனைத்தையும் இயக்குவதற்கு நீராவி எந்திரம், பின்னர் எண்ணெய் எந்திரம், நீரோடை உள்ள இடங்களில் நீர்ச்சக்கரம் அல்லது நீர்ச்சுழலி. இரும்பின் எடை ஏறிக்கொண்டே சென்றது.

கடல்வழியே இப்பயணத்தின் எளிய பகுதி. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட வழி பெரிதும் சுருங்கிற்று. கப்பலுக்குப் பத்துத் தொன்னும் ஒன்றுதான், நூறு தொன்னும் ஒன்றுதான். தொல்லை கரையருகே வந்தபின்னரே தொடங்கும். கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அச்சுவர் 1885இல் முற்றுப்பெற்றது. அதற்குமுன் தென்மேற்குப் பருவக்காற்றில் ஆடும் கப்பலிலிருந்து, அதனோடு சேர்ந்து ஆடும் சரக்குத் தோணிக்குள் பாரத்தை இறக்கவேண்டியிருந்தது. ஊசலாடும் பெட்டி ஒன்று தோணியின் அடிப்பலகையைத் துளைத்தால் யந்திரமும் தோணியும் ஒருங்கே கடலடியைச் சேரும். சுவர் எழுந்தபின் அலை அடங்கிற்றேயன்றித் தோணிவேலை ஒழியவில்லை. கப்பல்கள் துறைமேடையை அணைந்து நின்று சரக்கிறக்கும் வசதி பெருமளவில் ஏற்பட்டது 1950களிலேயாம்.

இனி, பாரப்பொருள் போக்குவரத்தின் அடிப்படை விதி ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். யந்திரத்தின் மொத்த எடை வழியைத் தீர்மானிப்பதில்லை. அதனுள்ளே பிரிக்கவியலாத மிகப் பெரிய துண்டே தீர்மானிக்கிறது. உலர்த்தும் பொறி தோற்றத்தில் ஒரு சிறு வீட்டளவு இருந்தாலும், அதன் தகடுகளும் தட்டுகளும் சங்கிலிகளும் தனித்தனியே கழன்றுவிடும்; நாலைந்து வண்டிகளில் அதனைப் பகிர்ந்து ஏற்றலாம். எந்திரத்தின் அடிப்பீடம் அப்படியன்று. அது ஒரே வார்ப்பு. நீராவிக் கொதிகலத்தின் உருளையும் ஒரே உடல். சமனுருளைச் சக்கரம் எனப்படும் பெருஞ்சக்கரத்தை, தூரதேசம் போகவேண்டியதென்று முன்னரே அறிந்த தொழிற்சாலைகள் இரண்டு பாதிகளாக வார்த்து, ஊரிற் போய்ப் பூட்டிக்கொள்ளுமாறு அனுப்பின. மலைநாட்டுத் தோட்டத்தின் கடைசி வளைவு, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த வார்ப்புச்சாலையின் அச்சையே மாற்றியமைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

கழற்றிய துண்டுகளுக்கு எண்ணிடுவதும், கடைந்த பரப்புகளுக்குக் கடற்காற்றில் துருப்பிடிக்காமல் கொழுப்புப் பூசுவதும், மரப்பெட்டியின் புறத்தே எடையையும் தூக்குமிடத்தையும் எழுதுவதும் இத்தொழிலின் பாலபாடம். பெட்டியின்மேல் தீட்டிய சங்கிலிப் படம், கயிற்றை எங்கே கோக்கவேண்டும் என்பதைக் காட்டும். இன்னொரு குறி பாரத்தின் நடுப்புள்ளியைக் காட்டும். எந்திரத்தின் ஒரு முனை கனமாகவும் மறுமுனை இலேசாகவும் இருப்பது வழக்கம். பெட்டியின் நடுவைப் பாரத்தின் நடு என்று கருதித் தூக்கியவர்கள் பெட்டி கவிழ்ந்தபின்னரே வேறுபாட்டை அறிவர்.

கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்குக்கு உரிய பழைய பெருவழி வீதியன்று, ஆறு. தட்டையான அடியும் ஓலைக்கூரையும் உடைய பாருப் படகுகள் களனி கங்கையில் ஏறியும் இறங்கியும் வாணிகம் நடத்தின. எட்டியாந்தோட்டை என்னும் பெயரின் ஈற்றிலுள்ள சொல்லைத் தமிழர் தோட்டம் என்று எண்ணுவர். அது துறை என்னும் பொருள்தரும் ‘தொட்ட’ என்ற சிங்களச் சொல்லாகும். ஆற்றில் நீர் குறைந்தால் படகு மணலில் தட்டும், பெருகினால் ஏறமாட்டாது. ஆகவே வண்டிகள் வந்தன. ‘கரத்தை’ என்று இலங்கைத் தமிழர் வழங்கும் இரட்டை மாட்டு வண்டி ஏறத்தாழ ஒரு தொன் பாரம் ஏற்றும். அதற்கு மேற்பட்ட துண்டுக்குத் தனியே வண்டி செய்து, பல சோடி மாடுகளை ஒன்றன்முன் ஒன்றாகப் பூட்டுவர். பத்து மாடுகளைப் பூட்டினால் பத்து மாட்டின் பலம் கிட்டிவிடும் என்று நினைத்தல் தவறு. வளைவில் முன்மாடுகள் திரும்பியதும் அவற்றின் இழுவை வண்டியை முன்னே செலுத்தாமல் உட்புறச் சரிவை நோக்கியே இழுக்கும். மாட்டுக்கு நோய் கண்டுவிட்டாலோ வீதியே ஓய்ந்துவிடும்.

1902இல் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அவிசாவளையை அடைந்து, அதன்பின் எட்டியாந்தோட்டைக்கும் நீண்டது. 1912இல் மற்றொரு கிளை இரத்தினபுரியை எட்டிற்று. இப்பாதையின் இருப்புத் தடங்களுக்கு இடையேயுள்ள அகலம் இரண்டரை அடி மட்டுமே. கண்டிக்குச் செல்லும் பெரும்பாதையின் அகலம் ஐந்தரை அடி. செலவைக் குறைக்கவும், ஆற்றோரக் குன்றுகளை நெருக்கமாகச் சுற்றிச் செல்லவும் அந்தச் சிறிய அகலம் உதவிற்று. அதே சிறுமை பாரத்துக்கும் வரம்பு வைத்தது. ஒடுங்கிய தடத்தில் உயரமான பாரம் எளிதில் தள்ளாடும். எனினும் கரத்தையில் பல நாள் உழன்று வந்த இரும்பு, ஒரே நாளில் மலையடிவாரத்துப் புகையிரத நிலையத்தில் இறங்கலாயிற்று. 1850களில் கண்டியில் தொடங்கிய வோக்கர் நிறுவனமும், 1876இல் எழுந்த கொழும்பு கொமர்ஷல் கம்பெனியும் தேயிலை யந்திரங்களை இலங்கையிலேயே ஆக்கவும் பழுதுபார்க்கவும் முன்வந்தமையால், வருவதற்குக் கடல் கடக்கவேண்டாத யந்திரங்களும் அந்நிலையத்தில் இறங்கின. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல் கைவிடப்பட்டது. இரத்தினபுரிப் பாதை 1970களில் மறைந்தது. அவிசாவளை வரையுள்ள பகுதி மட்டும் 1990களில் அகலப்பாதையாக்கப்பட்டு எஞ்சியிருக்கிறது.

நிலையத்திலிருந்து ஸ்டோர் வரையுள்ள சில கிலோமீற்றர்களே உண்மையான பயணம். துறைமுகத்துக் கணக்குப் புத்தகங்கள் அப்பகுதியை ஒரு வரியில் முடித்துவிடும். அதை நடத்திக் காட்டியவர்களோ தோட்டத்துத் தொழிலாளர். தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவரும் அவர்தம் மக்களும். மலைநாட்டு வீதிகளை வெட்டியவர்களிலும் அவர்களுடைய இனத்தார் பெருந்தொகையினர். கங்காணியின் குரலுக்கு நாற்பது ஐம்பது பேர் ஒரே மூச்சில் வடம் பிடித்தனர்.

அவர்களிடமிருந்த கருவிகள் எளியவை: அலவாங்கு, மண்வெட்டி, மரஉருளைகள், கப்பி, தேங்காய்நார் வடம், ஜாக்கி. அவை செய்த வேலை எளியதன்று. பாரத்தை ஒரு மரச்சட்டத்தின்மேல் கட்டி, சட்டத்தின் கீழே உருளைக் கட்டைகளை இடுவர். சட்டம் முன்னே நகர நகரப் பின்னே விடுபடும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னே ஓடி மீண்டும் இடுவார். கட்டை சற்றுக் கோணலாக விழுந்தால் சட்டம் அந்தப் பக்கமே திரும்பும். உண்மையில் திருப்ப வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே கோணலாக இடுவதும் உண்டு. கட்டையிடுபவரின் விரல்களுக்கு அபாயம் மிகுதி. அவ்வேலைக்கு வேகமும் கண்ணும் உடைய இளைஞரையே நிறுத்துவர்.

ஏற்றத்தின் கணக்கு இது. இருபதடி நடந்தால் ஓரடி உயரும் சரிவில், ஐந்து தொன் பாரத்தைத் தாங்கி நிறுத்தவே கால் தொன் இழுவை வேண்டும். பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவாயின் அரைத் தொன். உராய்வு இதற்கு மேலும் ஒரு பங்கு கேட்கும். மரத்தில் கட்டிய கப்பிகளுக்கிடையே வடத்தை நான்கு மடியாகக் கோத்தால் இழுக்கவேண்டிய பலம் நாலில் ஒன்றாகக் குறையும். ஆனால் பாரம் ஓரடி ஏறுவதற்கு வடம் நாலடி ஓடவேண்டும். இலவசமாக எதுவும் கிட்டுவதில்லை. பலத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் செலுத்தவேண்டும். ஆகையால் ஒரு மைல் ஏற்றத்துக்கு ஒரு கிழமை செல்வது வியப்பன்று.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடியது என்பதை அனுபவமில்லாதவர் நம்பமாட்டார். ஏற்றத்தில் வடம் அறுந்தால் பாரம் பின்னே வழுக்கும்; சக்கரத்தின் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே வருபவர் அதை நிறுத்திவிடக்கூடும். இறக்கத்தில் பாரமே வண்டியை ஓட்டும். முன்னே நிற்பவருக்கு ஒதுங்க இடமிராது. எனவே பின்புறத்தில் தடுப்பு வடம் ஒன்றைக் கட்டி, அதை வழியோரத்து வலிய மரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பர். மரத்தின் உராய்வு ஒவ்வொரு சுற்றிலும் பன்மடங்காகப் பெருகுவதால், பல தொன் பாரத்தை இரண்டு மூன்று பேர் பிடித்துவிடலாம். தோட்டத்துக்காரர் எவரும் கணிதம் படித்து இதை அறியவில்லை. மரத்தின் பட்டை கருகிப் புகைவதைக் கண்டு அறிந்தனர். வடத்தின்மேல் நீர் ஊற்றுவதற்கு ஒருவர் வாளியோடு நிற்பதும் அதனாலேயே. காட்டுமரம் இழுத்துப் பழகிய யானைகளும் சில இடங்களில் உதவிக்கு வந்தன. கால் வைக்குமுன் நிலத்தைச் சோதித்துப் பார்க்கும் யானையின் எச்சரிக்கை சேற்றுநிலத்தில் மிகவும் பயன்பட்டது.

சேறு என்றதும் மழையையும் சொல்லவேண்டும். களனிப் பள்ளத்தாக்கு இலங்கையின் ஈரவலயத்துள் மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் ஒன்று; ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கியபின் மண்வீதியில் பாரம் ஏற்றுவது அறிவுடைமையன்று. ஆகவே தை, மாசி, பங்குனி மாதங்களுக்குள் யந்திரத்தை ஏற்றிப் பீடத்தில் நிறுத்திவிடத் தோட்டத்துரைமார் முனைந்தனர். கப்பல் ஒரு மாதம் தாமதித்தால் ஸ்டோர் ஓராண்டு தாமதிக்கக்கூடும்.

யந்திரம் ஏறிப் பூட்டப்பட்டு, தோல்வார்கள் ஓடத் தொடங்கியபின், அதை ஏற்றியவர்களுக்கு அது வெறும் இரும்பாகத் தோன்றவில்லை. சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோதை’ என்னும் சொல் போர்த்துக்கேயர் வழியாக இலங்கைத் தமிழில் கலந்தது. அந்தச் சொல்லோடு முனியைச் சேர்த்து ‘ரோதை முனி’ என்னும் காவல்தெய்வத்தை மலையகத்தார் ஸ்டோருக்குள் அமர்த்தினர். கைகளை விழுங்கக்கூடிய சக்கரத்துக்கு ஒரு முனி வேண்டும் என்று அவர்கள் கருதியதில் அறிவின்மை சிறிதும் இல்லை. ஆயுதபூசை நாளில் உருட்டுப்பொறிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.

லொறிகள் வந்தபின் வடமும் கரத்தையும் மறைந்தன, விதிகள் மறையவில்லை. பிரிக்கவியலாத பெருந்துண்டு இப்போது மின்மாற்றியாகவோ மண்தோண்டும் யந்திரமாகவோ இருக்கிறது. 1918இல் விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் இந்நாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று எடுத்துக்காட்டிய திட்டம், பல தடங்கல்களின் பின் 1950இல் லக்சபான மின்னிலையமாக நிறைவேறிற்று. 1969இல் பொல்பிட்டிய மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. அவற்றின் சுழலிகளும் மின்பிறப்பாக்கிகளும் கொழும்பில் இறங்கி மலையேறியவையே. பெரிய மின்மாற்றியைக் கொண்டுசெல்லும்போது அதனுள்ளிருக்கும் எண்ணெயை இறக்கிவிட்டு, ஈரம் புகாதபடி உலர்ந்த காற்றையோ நைதரசன் வாயுவையோ நிரப்புவர். எண்ணெய் தனியே பவுசரில் வரும். துண்டைப் பிரிக்க முடியாவிடினும் அதன் பாரத்தைப் பிரிக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இவற்றிலும் விந்தையான சுமை ஒன்று இதே வீதியில் ஏறியிருக்கிறது. 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காகக் கித்துல்கலவில் மரப்பாலம் ஒன்றைக் கட்டினர். அதன்மேல் உண்மையான புகையிரதம் ஒன்றை ஓடவிட்டுப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். கித்துல்கலவுக்கு ஒருகாலத்திலும் இருப்புப்பாதை இருந்ததில்லை. எட்டியாந்தோட்டைப் பாதையும் அதற்கு முன்னரே எடுபட்டுவிட்டது. சில நொடிக் காட்சிக்காக ஓர் எந்திரமும் பெட்டிகளும் வீதி வழியே மலைக்குப் போயின.

இக்காலத்தில் பாரத்தைச் சுமப்பது பல அச்சுகள் பூட்டிய தாழ்தளப் பாரவூர்தி. அதன் நோக்கம் இரண்டு. தளம் தாழ்ந்திருப்பதால் பாரத்தின் நடுப்புள்ளி நிலத்தை நெருங்கி, வளைவில் கவிழும் அபாயம் குறைகிறது. மின்கம்பிகளும் தலைக்கு மேலே தப்புகின்றன. அச்சுகள் பலவாதலால் ஒவ்வோர் அச்சும் வீதியின்மேல் வைக்கும் சுமை சிறிதாகிறது. பழைய பாலத்தைக் கடக்கும்போது பாரவூர்தி தன்னந்தனியே, பாலத்தின் நடுக்கோட்டில், மனிதன் நடக்கும் வேகத்தில், தடுப்பு அழுத்தாமலும் பல்சக்கரம் மாற்றாமலும் செல்லவேண்டும். திடீரெனத் தடுப்பு அழுத்தினால் பாலத்தின்மேல் விழும் அடி நின்ற நிலைப் பாரத்தைவிட மிகுதியாகும். வளைவுகளில் வேறொரு சிக்கல். நீண்ட ஊர்தியின் பின்சக்கரங்கள் முன்சக்கரம் சென்ற தடத்தில் செல்லா. உட்புறமாகக் குறுக்கே வெட்டிச் செல்லும். கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டிய வழியாகக் கரவனெல்லை செல்லும் வீதியின் வளைவுகளில் அந்த உட்புறம் சில வேளை வடிகாலாகவும் சில வேளை பள்ளமாகவும் இருக்கும். எனவே முன்கூட்டியே ஒருவர் அளவுநாடாவோடு வீதி முழுவதையும் நடந்து பார்ப்பது இன்றும் தவிர்க்கவியலாதது.

இந்தியாவில் இச்சிக்கல்களோடு எல்லைகளும் சேர்கின்றன. 1965இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலத் தொழிற்சாலையிலிருந்து புறப்படும் பெருஞ்சுமைகள் பல மாநிலங்களைக் கடந்து அனல்மின் நிலையங்களை அடைகின்றன. 2017 ஜூலை முதலாம் திகதி சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை ஒவ்வொரு மாநில எல்லையிலும் வரிச்சாவடி முன்னே பாரவூர்திகள் காத்துக்கிடந்தன. வரிச்சாவடி நீங்கியபின்னரும் அளவுக்கு மீறிய சுமைக்கு வீதி அனுமதியும் பாலச் சோதனையும் வேண்டியே இருக்கின்றன. இலங்கையில் மாகாணத்துக்கு மாகாணம் அத்தகைய வரியெல்லை இல்லை. ஒன்பது மாகாணங்களையும் ஒரே பத்திரத்துடன் கடந்துவிடலாம். மலை மட்டும் எந்தப் பத்திரத்துக்கும் இணங்குவதில்லை.

இப்போது மலையிலிருந்து இறங்கும் யந்திரங்களையும் காணலாம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகிய தோட்டங்கள் 1990களில் பிரதேச கம்பெனிகளின் நிருவாகத்துக்கு வந்தன. சிறு ஸ்டோர்கள் பல மூடப்பட்டு, கொழுந்து லொறியில் ஏறி வேறொரு தோட்டத்து ஸ்டோருக்குச் செல்கிறது. நல்ல நிலையிலுள்ள உருட்டுப்பொறி மற்றொரு மலைக்கு இடம் மாறுகிறது. புதியது தேவையானால் கோயம்புத்தூரிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வரக்கூடும். எஞ்சியதைப் பழைய இரும்பு வாங்குவோர் வாயுச் சுடரால் அறுத்து ஏற்றுகின்றனர். ஒரு கிழமை வடம் பிடித்து ஏற்றிய அடிப்பீடம் ஒரு பிற்பகலில் துண்டு துண்டாக இறங்கிவிடுகிறது. பிரிக்கவியலாதது என்று எவரும் அங்கே தயங்குவதில்லை.

பாரயந்திரம் மலைக்கு ஏறுவது உயிரோடு தொடர்புடைய காரியம் என்பதை 2016ஆம் ஆண்டு மே மாதம் கேகாலை மாவட்டம் கண்டது. பல நாள் இடைவிடாது பெய்த மழையின் பின், 17ஆம் திகதி, அரநாயக்கவில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை இழுத்துச் சென்றது. அதே நாள் புளத்கொகுபிட்டியவில் களுபஹனத் தோட்டத்து லயங்களின்மீதும் மண் சரிந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதனடியில் புதைந்தன. இராணுவத்தினரும் ஊரவரும் சேற்றில் இறங்கித் தேடினர். விடாத மழையும் மேலும் சரியக்கூடிய மண்ணும் அவர்களைத் தடுத்தன.

அத்தகைய வேளையில் எல்லோரும் கேட்பது, பெக்கோ ஏன் இன்னும் வரவில்லை என்பதே. அதனை விளக்குதல் தகும். பெக்கோ எனப்படும் மண்தோண்டி ஏறத்தாழ இருபது தொன் எடையுள்ளது. சங்கிலித் தடத்தில் ஊர்வதால் தாரிட்ட வீதியில் தானே நெடுந்தூரம் வரவொண்ணாது. வேகமும் மனிதன் நடக்கும் வேகத்தை ஒட்டியதே. அதைச் சுமக்கும் பாரவூர்தி வரவேண்டும். அதே மழை வீதியிலும் மண்ணைச் சரித்திருக்கும். எனவே முதற் பெக்கோ தன் பின்னால் வருபவற்றுக்கு வழி வெட்டிக்கொண்டே வரவேண்டும். தோட்டத்து வீதியோ கொழுந்து லொறிக்காக அமைந்தது. அதன் மதகுகள் இருபது தொன்னை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல.

வந்துசேர்ந்த பின்னரும் உடனே இறக்கிவிட இயலாது. பெக்கோவின் அகன்ற சங்கிலித் தடம் அதன் பாரத்தைப் பரப்பிவிடுவதால், ஒரு சதுர அங்குல நிலத்தின்மேல் அது வைக்கும் அழுத்தம் நடக்கும் மனிதனின் குதிக்கால் வைப்பதைவிடப் பெரிதன்று. ஆயினும் மனிதன் அவ்வழுத்தத்தை ஓர் உள்ளங்கையளவு இடத்திலே வைக்கிறான். பெக்கோ பல சதுர மீற்றர் பரப்பின்மேல் ஒரே நேரத்தில் வைக்கிறது. அதன் மொத்தப் பாரமும் எந்திரத்தின் அதிர்வும் சரிவின் ஆழத்துக்கு எட்டும். நீர் ஊறிய மண்ணில் மணிகளைப் பிணைக்கும் பிடிப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும். சரிவின் தலைப்பகுதியில் புதிய பாரம் ஏறினால் எஞ்சிய மண்ணும் பெயரலாம். அடியில் தோண்டினால் மேலுள்ள மண்ணுக்கு இருந்த தாங்கல் நீங்கலாம். இரண்டும் தேடுவோரையே புதைத்துவிடும். மேலும் மண்ணடியில் உயிரோடு எவரேனும் இருப்பின், வாரித் தோண்டும் இரும்புக் கை அவரையும் அறியாது.

ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலவியலாளர் முதலில் சரிவைப் பார்வையிடுவர். வெடிப்புகள் விரிகின்றனவா, ஊற்றுநீர் கலங்கி வருகிறதா, மரங்கள் சாய்கின்றனவா என்று நோக்கி, யந்திரம் எந்தப் பக்கமாக எவ்வளவு தூரம் செல்லலாம் என்று கூறுவர். சேற்றில் மரங்களையும் கற்களையும் பரப்பித் தடம் அமைத்து, பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக யந்திரத்தை உட்செலுத்துவர். சரிவின் மேற்புறத்தில் கண்காணிக்க ஒருவரை நிறுத்தி, அவர் அடையாளம் காட்டிய கணத்தில் அனைவரும் விலகுமாறு ஏற்பாடு செய்வர். மழை மீண்டும் தொடங்கினால் பெக்கோ பின்னே எடுக்கப்படும். அது நிற்கும் நேரமெல்லாம் அலவாங்கும் மண்வெட்டியும் பிடித்த மனிதர், ஒரு காலத்தில் யந்திரம் ஏற்றியவர்களின் பேரர்களும் அவர்களுள் அடங்க, மழைவிடும் இடைவெளிகளில் மண்ணை அள்ளிக்கொண்டிருப்பர்.